ஆணி மாறினால் கதவு மாறுமா?

பழைய கார்களில் பெரும்பாலும் முதலில் தொங்குவது ஓட்டுநர் பக்கக் கதவுதான். நாள்தோறும் அதிகமாகத் திறந்து மூடப்படுவது அது. இறங்கும்போது அதன்மேல் கையை ஊன்றி எழுபவர்களும் உண்டு. கதவின் எடையை இரண்டு கீல்கள் தாங்குகின்றன. மேல்கீல் வெளிப்பக்கம் இழுபடும், கீழ்க்கீல் உள்பக்கம் அழுந்தும். எண்ணெய் வற்றித் தூசி சேர்ந்துவிட்டால் கீலுக்குள் இருக்கும் எஃகுப் பின் ஒருபுறமாகத் தேயும். அது நிற்கும் துளையும் வட்டம் கெட்டு முட்டை வடிவாகும். கீலில் சிறிய ஆட்டம் என்றாலும் பூட்டு இருக்கும் முனையில் அது பல மடங்காகத் தெரியும். பிறகு கதவைத் தூக்கித்தான் சாத்த வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. கீலைத் தொடாமல், கதவு வந்து மாட்டும் கொக்கியைக் கொஞ்சம் கீழே இறக்கிவிடலாம். கதவு சாத்திக்கொள்ளும், தேய்மானம் உள்ளே தொடரும்.

நேர்மையான வேலை வேறு. கதவுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்கி, ஒரு கீலின் பின்னை மட்டும் தட்டி எடுக்க வேண்டும். கெட்ட துளையைச் சீராகப் பெரிதாக்கி, அதற்கேற்பச் சற்றுத் தடித்த பின்னை லேத்தில் கடைந்து இறக்கலாம். அல்லது வெண்கலப் புஷ் போட்டுப் பழைய அளவுப் பின்னையே பொருத்தலாம். அது முடியும்வரை மற்றக் கீலில் கை வைக்கக் கூடாது. கதவு நிற்க வேண்டிய இடத்தை அந்த நேரத்தில் பிடித்துவைத்திருப்பது அந்த ஒரு கீல்தான். 1920களின் இறுதியில் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு ரயில்வே பணிமனை வந்ததிலிருந்து இரும்பைக் கடைவது திருச்சியின் கைப்பழக்கம். அதனால் இந்த வேலைக்கு இங்கே ஆள் தேடி அலைய வேண்டியதில்லை.

பின்கள் மாறின. பிறகு ஒருநாள் கீல்கள், இன்னொரு நாள் கதவின் அடித்தகடு. இப்படியே போனால் அது அதே கார்தானா?

இந்தக் கேள்விக்குச் சட்டம் ஒரு விடை வைத்திருக்கிறது. 2021இல் மத்திய அரசு வகுத்த விதிப்படி, முதல் பதிவு நடந்து 50 ஆண்டுகளைக் கடந்த, மூல வடிவில் பேணப்படும் வாகனமே ‘விண்டேஜ்’. சட்டகம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. கீல் பின் இந்தக் கோட்டுக்குள் வராது. லண்டனில் 1990இல் ஒரு வழக்கு இன்னும் ஆழமாகப் போனது. 1929, 1930 லெ மான் பந்தயங்களில் வென்ற பென்ட்லி கார் ‘ஓல்டு நம்பர் ஒன்’. பந்தய நாட்களின் பாகங்கள் அதில் மிகக் குறைவாகவே எஞ்சியிருந்தன. இது அந்தக் கார் இல்லை என்று சொல்லி, வாங்க ஒப்புக்கொண்டவர்கள் பின்வாங்கினார்கள். நீதிபதி ஆட்டன் அதை ஏற்கவில்லை. பாகங்கள் காலப்போக்கில் மாறிக்கொண்டே வந்தாலும் அந்தக் காரின் வாழ்க்கை எங்கும் அறுபடவில்லை, ஆகவே அதுவே அது என்று தீர்ப்பளித்தார்.

லண்டன் நீதிமன்றத்துக்கு வந்த இந்தக் கேள்வி, ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் நடுவே கோயிலுக்குள் எழுந்தது, அதுவும் கண்ணீரோடு. 1323இல் டில்லிப் படை ஸ்ரீரங்கத்தைத் தாக்கியபோது, வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் உற்சவரை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே போனார். மூலவருக்கு முன்னால் கல்சுவர் எழுப்பப்பட்டது. லோகாசாரியர் வழியிலேயே பரமபதித்தார். உற்சவர் பல ஊர்கள் கடந்து திருமலை சேர்ந்தார். 1371இல் செஞ்சியின் கோபணாரியர் அவரை அரங்கத்துக்கு மீட்டுவந்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்திருந்தது. இடையில் இன்னொரு உற்சவத் திருமேனி பிரதிஷ்டை ஆகி வழிபாட்டில் இருந்தது. பழையவரை நேரில் சேவித்தவர்கள் அநேகமாக யாரும் உயிரோடு இல்லை.

எவர் அசல் என்ற தடுமாற்றத்தைத் தீர்த்தவர் இளமையில் பெருமாளின் வஸ்திரங்களை வெளுத்த ஒரு முதிய ஈரங்கொல்லி, கண்பார்வை இழந்தவர் என்கிறது மரபு. இருவருக்கும் திருமஞ்சனம் செய்து, ஈர வஸ்திரத்தின் தீர்த்தத்தை அவரிடம் கொடுத்தார்கள். திரும்பி வந்தவரின் தீர்த்தத்தைக் கொண்டே அவர் அடையாளம் சொன்னார். ‘நம்பெருமாள்’ என்ற திருநாமம் அன்று எழுந்தது. புதியவர் ஒதுக்கப்படவில்லை, ‘திருவரங்க மாளிகையார்’ என்ற பெயரோடு இன்றும் சந்நிதியிலேயே எழுந்தருளியிருக்கிறார்.

ஏதென்ஸில் தீசியஸின் கப்பலைப் பலகை பலகையாக மாற்றினார்கள் என்று புளூடார்க் எழுதினார். கழற்றிய பழைய பலகைகளை எல்லாம் சேர்த்து இரண்டாவது கப்பல் கட்டினால் எது அசல் என்று 1655இல் தாமஸ் ஹாப்ஸ் கேட்டார். அவருக்கு அது ஏட்டுக் கேள்வி. இரண்டு திருமேனிகளையும் ஒரே சமயத்தில் கண்முன் வைத்துக்கொண்டு, நாளைய பூஜைக்கு முன் விடை காண வேண்டிய நெருக்கடி ஸ்ரீரங்கத்தாருக்கு இருந்தது.

அவர்களுக்குக் கைகொடுக்க இராமானுசரின் தத்துவம் இருந்தது. எல்லாம் கணந்தோறும் அழிந்து புதிதாகப் பிறக்கிறது, விளக்குச் சுடரைப் போல ஒத்திருப்பதையே ஒன்று என மயங்குகிறோம் என்றனர் பௌத்தத்தின் க்ஷணிகவாதிகள். ‘அன்று நான் கண்டதே இது’ என்று ஒருவர் அறிய வேண்டுமானால், அன்று கண்டவரும் இன்று அறிபவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்று ஸ்ரீபாஷ்யத்தில் மறுத்தார் இராமானுசர். அடையாளம் காண்பதை அவர் மயக்கம் என்று ஒதுக்காமல் சான்றாக ஏற்றார். அரங்கன் கோயிலும் இளமையில் பழகிய ஒரு தொண்டரின் நினைவைத்தான் சான்றாக ஏற்றது.

உடல் என்பதற்கு இராமானுசர் தந்த வரையறையும் இங்கே உதவும். ஒரு சேதனனால் (அறிவுள்ள உயிரால்) எப்போதும் தாங்கப்பட்டு, நியமிக்கப்பட்டு, அவனுக்கே சேஷமாக (அவனுக்காகவே) இருக்கும் பொருள் அவனுக்கு உடல். தசையும் எலும்பும் மாறலாம். இந்த உறவு மாறாதவரை உடல் அவனுடையது. காரை இந்த வரையறைக்குள் முழுதாக அடக்க முடியாது. காரை விற்றுவிடலாம், உடலை விற்க முடியாது. ஆனாலும் எந்தப் பாகம் அசல் என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிட, எதைத் தாங்க, யாருக்காக அந்தப் பாகம் இருக்கிறது என்று கேட்பதே சரியான கேள்வி என்று அது காட்டுகிறது. தேய்ந்த அசல் பின்னைப் பெருமைக்காக விட்டுவைத்து, கதவின் எடை தாங்காமல் கீல் பதிந்த தூணே விரியவிடுவது பழமைக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அதற்காக ஒத்த உருவம் இருந்தாலே போதும் என்று ஆகிவிடாது. நீலகிரி மலை ரயிலுக்காக எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களைப் பொன்மலையிலேயே புதிதாகக் கட்டினார்கள். பழைய சுவிஸ் எஞ்சின்களின் அச்சு அசல் அமைப்பு, அருமையான வேலை. என்றாலும் அவை புதிய எஞ்சின்களே, யாரும் அவற்றைப் பழையவை என்று சொல்வதில்லை. ஒரே நாளில் பிறந்த பொருளுக்கு நேற்று இல்லை.

மாறும்போது ஏதோ ஒன்று இடத்தைப் பிடித்துவைத்திருக்க வேண்டும். கோயில் திருப்பணிக்கு முன் பாலாலயம் செய்வது இதற்காகத்தான்: சாந்நித்தியத்தைக் கும்பத்திலோ அத்திப் பலகையிலோ எழுந்தருளச் செய்த பிறகே உளி விழும். ஒரே நேரத்தில் இரண்டு கீல்களையும் கழற்றாத மெக்கானிக் அதே ஒழுங்கைத் தன் அளவில் கடைப்பிடிக்கிறார்.

இன்னொன்றும் வேண்டும்: ஏடு. எந்த மண்டபத்தை யார் செப்பனிட்டார், எது யாரால் சேர்ந்தது என்று தலைமுறை தலைமுறையாகக் குறித்துவந்ததால்தான் ஸ்ரீரங்கம் கோயிலின் வரலாற்று ஏடான ‘கோயிலொழுகு’ இன்று நம் கையில் இருக்கிறது. லண்டன் வழக்கிலும் காரைக் காப்பாற்றியது அதன் தொடர்ந்த வரலாறுதான். பழைய கார் வைத்திருப்பவரும் ஒரு நோட்டுப் போட வேண்டும்: எந்தக் கீல், எந்தத் தேதி, துளையை எவ்வளவு பெரிதாக்கினார்கள், பின்னின் விட்டம் என்ன, புஷ் எந்த உலோகம். அடுத்த முறை தேயும்போது லேத்தில் நிற்பவர் முதலில் கேட்கப்போவது இந்த அளவுகளைத்தான்.