விளையாட்டு: அனுமதியும் எல்லைகளும்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள், அவர்களை அடியொற்றி வாழ்ந்த நல்லடியார்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! தாய்மார்களே! தனிமையிலும் சபையிலும் அல்லாஹ்வை அஞ்சி நடக்குமாறு முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் உபதேசம் செய்கிறேன்.

இன்று நாம் எடுத்துக்கொண்ட தலைப்பு விளையாட்டு. மிம்பரில் நின்று விளையாட்டைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். நம் பிள்ளைகள் ஒரு நாளில் தொழுகைக்குக் கொடுக்கும் நேரம் எவ்வளவு, விளையாட்டுக்கும் அதைப் பார்ப்பதற்கும் கொடுக்கும் நேரம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பேச வேண்டியது எவ்வளவோ இருக்கிறது என்பது விளங்கும்.

நபியவர்கள் காலத்து விளையாட்டுகள்

மார்க்கம் என்றாலே முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்வது என்று நினைப்பவர்கள் இந்தச் செய்தியைக் கவனிக்க வேண்டும். ஒரு பெருநாள் அன்று அபிசீனியர்கள் மஸ்ஜிதுன் நபவியில் ஈட்டிகளையும் கேடயங்களையும் கொண்டு தங்கள் நாட்டு விளையாட்டை ஆடினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அதைப் பார்க்க ஆசைப்பட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் தாமே மறைப்பாக நின்று, அன்னையவர்களுக்குப் போதும் என்று தோன்றும்வரை பார்க்க விட்டார்கள். உமர் (ரலி) அவர்கள் பொடிக்கற்களை எடுத்து அந்த ஆட்டக்காரர்கள் மீது எறிந்தபோது, அவர்களை விட்டுவிடும்படி நபியவர்கள் சொன்னார்கள். (புகாரி, முஸ்லிம்)

அவர்கள் அரபுகள் அல்லர். அது மதீனாவின் விளையாட்டும் அல்ல. வேறொரு நாட்டு மக்களின் ஆட்டம் என்பதற்காக நபியவர்கள் அதை வெறுக்கவில்லை.

குதிரைப் பந்தயமும் நடந்தது. பந்தயத்திற்கென்று தயார் செய்யப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓட்டம். அந்தத் தூரம் ஐந்தாறு மைல். தயார் செய்யப்படாத குதிரைகளுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஏறக்குறைய ஒரு மைல். (புகாரி) அதனதன் சக்திக்கு ஏற்ற தூரம் வைக்கப்பட்டது. வாயில்லாத பிராணி மீதும் அளவுக்கு மேல் சுமை ஏற்றக் கூடாது என்ற நீதி அந்த மைதானத்திலேயே இருந்தது.

ஆகவே சகோதரர்களே, விளையாட்டு ஆகுமானது. ஆனால் அதற்கு எல்லைகள் உண்டு. உலகில் முஸ்லிம்கள் வாழும் மூன்று நாட்டுப் பகுதிகளில் வழிவழியாக ஆடப்படும் மூன்று விளையாட்டுகளைப் பார்ப்போம். அந்த எல்லைகள் எங்கே இருக்கின்றன என்பது தெளிவாகும்.

எதிர்னேயின் எண்ணெய் மல்யுத்தம்

துருக்கியின் எதிர்னே நகரில் ஆண்டுதோறும் கிர்க்பினார் மல்யுத்தம் நடக்கிறது. பல நூற்றாண்டுகளாகத் தொடரும் போட்டி இது. 2010-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் இதைச் சேர்த்தது. மல்லர்கள் உடல் முழுவதும் எண்ணெய் பூசிக்கொண்டு புல்வெளியில் மோதுகிறார்கள். பிடி நழுவிக்கொண்டே இருக்கும். வெறும் பலம் அங்கே எடுபடாது, பொறுமை வேண்டும். அவர்கள் அணிவது கிஸ்பெத் என்னும் கனத்த தோல் கால்சட்டை. இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை அது மறைக்கிறது. போட்டிக்கு முன்னால் ஒருவர் மல்லர்களின் பெயரையும் சிறப்பையும் பாட்டாகச் சொல்லி அறிமுகம் செய்கிறார். வெற்றி பெறும் தலைமை மல்லருக்குத் தங்க இடைவார். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வென்றால் அந்த இடைவார் அவருக்கே சொந்தம்.

வெற்றி மட்டும் ஒருவரை அங்கே நல்ல மல்லராக்கிவிடாது. நேர்மை, தாராள மனம், மூத்தவருக்கு மரியாதை ஆகியவையும் அவரிடம் எதிர்பார்க்கப்படுகின்றன. உண்மையான பலசாலி ஆளை வீழ்த்துபவன் அல்லன், கோபம் வரும்போது தன்னை அடக்கிக்கொள்பவனே என்று நபியவர்கள் கற்றுத் தந்த பாடம் (புகாரி, முஸ்லிம்) இங்கே நம் நினைவுக்கு வர வேண்டும்.

இந்தப் போட்டி தோன்றியது பற்றி அந்த ஊரில் ஒரு செவிவழிக் கதை உண்டு. நாற்பது வீரர்களில் இரண்டு பேர், அவர்கள் சகோதரர்கள் என்றும் சொல்கிறார்கள், விட்டுக்கொடுக்க மனமில்லாமல் இரவு முழுவதும் மல்லுக்கட்டி, இருவருமே மூச்சடங்கி இறந்துபோனார்களாம். கதை எப்படியோ இருக்கட்டும். அதை வீரம் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நாம் என்ன கேட்க வேண்டும்? அல்லாஹ் தந்த உயிர் ஓர் ஆட்டத்தின் வீம்புக்காகவா?

செனகலின் லாம்ப்

மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலில் மக்கள்தொகையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் முஸ்லிம்கள். அங்கே கால்பந்துக்கு நிகராகக் கொண்டாடப்படுவது லாம்ப் என்னும் மல்யுத்தம். மணல் களம், மேளம், ஆடல், அரங்கம் நிறைந்த கூட்டம். ஏழை வீட்டுப் பிள்ளைகள் பெரும்பணம் சம்பாதிக்க அது ஒரு வழி.

ஆனால் மல்லர் களத்திற்கு வரும் கோலத்தைப் பாருங்கள். கையிலும் இடுப்பிலும் தோலில் தைத்த தாயத்துகள். ஓதி மந்திரித்த நீர் என்று புட்டி புட்டியாகத் தலையில் ஊற்றிக்கொள்கிறார்கள். இதையெல்லாம் செய்து கொடுப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். அதற்குக் கூலியும் உண்டு. மாதக்கணக்கில் உடலை வருத்திப் பயிற்சி செய்தவர், கடைசியில் நம்பிக்கையை ஒரு தோல்பைக்குள் கொண்டுபோய் வைக்கிறார்.

தாயத்தைத் தொங்கவிடுபவர் இணைவைத்துவிட்டார் என்று நபியவர்கள் எச்சரித்த செய்தி முஸ்னத் அஹ்மதில் இருக்கிறது. செனகல் தூரத்தில் இருக்கிறது என்று நாம் நிம்மதியாக இருக்க முடியாது. பரீட்சைக்குப் போகும் பிள்ளையின் மணிக்கட்டில் கயிறு கட்டி அனுப்புபவர்கள் நம் தெருவில் இல்லையா? உழைப்பு நம் கடமை. முடிவு அல்லாஹ்வின் கையில். இடையில் கயிற்றுக்கு என்ன வேலை?

ஒட்டகத்தின் முதுகில் ஒரு குழந்தை

மூன்றாவது, அரபு வளைகுடாவின் ஒட்டகப் பந்தயம். அங்கே வேலை பார்க்கும் நம் சகோதரர்கள் பலர் இதைப் பார்த்திருப்பீர்கள். பாலைவன மக்களின் பழைய விளையாட்டு. 2020-இல் இதுவும் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது.

இதற்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. சுமை குறைந்தால் ஒட்டகம் வேகமாக ஓடும். பந்தயத்தில் பணமும் பெருமையும் கூடக் கூட, எடை குறைந்த ஆளைத் தேடினார்கள். கடைசியில் சின்னஞ்சிறு குழந்தைகளிடம் வந்து நின்றார்கள். பாகிஸ்தான், வங்கதேசம், சூடான், மவுரித்தேனியா போன்ற ஏழை நாடுகளிலிருந்து சிறுவர்கள் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் பலர் கடத்தப்பட்டவர்கள், விற்கப்பட்டவர்கள். எடை ஏறக் கூடாது என்று பட்டினி போட்டார்கள். விழுந்து கை கால் முறிந்தவர்கள் உண்டு. உயிரை விட்டவர்களும் உண்டு. வாங்கியவர்களும் முஸ்லிம்கள், பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரும் பெரும்பாலும் முஸ்லிம்கள். நெஞ்சு பொறுக்கிறதா சகோதரர்களே?

2005-இல் ஐக்கிய அரபு அமீரகம் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் சவாரி செய்வதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. யூனிசெஃப் உதவியோடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர்கள் தாயகம் அனுப்பப்பட்டார்கள். கத்தாரும் அதே ஆண்டில் தடை கொண்டுவந்தது. இப்போது ஒட்டகத்தின் முதுகில் ஒரு சிறிய ரோபோ உட்கார்ந்திருக்கிறது. உரிமையாளர் காரில் கூடவே வந்து ரிமோட்டால் அதன் சாட்டையை இயக்குகிறார். ஒலிபெருக்கி வழியாகக் குரல் கொடுக்கிறார். ஆட்டம் நிற்கவில்லை, அநியாயம் நின்றது. குழந்தை இல்லாமலும் ஆட முடியும் என்றால், அத்தனை ஆண்டுகள் அந்தக் குழந்தைகள் எதற்காக வதைபட்டார்கள்?

இப்போது மதீனாவைப் பாருங்கள். நபியவர்களின் அள்பா என்ற ஒட்டகத்தை எதுவும் முந்தியதில்லை. ஒரு நாள் கிராமவாசி ஒருவர் ஓர் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். தோழர்களுக்கு மனம் தாங்கவில்லை. அதை அறிந்த நபியவர்கள், இவ்வுலகில் எது உயர்ந்தாலும் அதைத் தாழ்த்துவதை அல்லாஹ் தன் மீது உரிமையாக்கிக்கொண்டான் என்ற கருத்தைச் சொல்லி அவர்களைத் தேற்றினார்கள். (புகாரி) அல்லாஹ்வின் தூதருடைய ஒட்டகமே தோற்றது. அந்தத் தோல்வியை அவர்கள் ஏற்றார்கள் என்றால், நம் ஒட்டகம் தோற்கவே கூடாது என்று ஒரு தாயின் குழந்தையைப் பலி கொடுக்க யாருக்கு உரிமை இருக்கிறது?

நமக்கான பாடங்கள்

அன்பானவர்களே! எந்த நாட்டு விளையாட்டாக இருந்தாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று, இதில் ஈமானுக்குப் பங்கம் உண்டா?

இரண்டு, இதில் மனிதருக்கோ பிராணிக்கோ அநியாயம் உண்டா? ஒரு கோழியைக் கட்டி வைத்து அம்பெய்து விளையாடிய இளைஞர்களை இப்னு உமர் (ரலி) கண்டித்து, உயிருள்ளதை இலக்காக்குபவரை நபியவர்கள் சபித்ததை எடுத்துச் சொன்னார்கள். (புகாரி, முஸ்லிம்)

மூன்று, இதில் சூதாட்டம் உண்டா? ஆடுபவர்கள் ஆளுக்கொரு தொகை கட்டி, வென்றவர் எல்லாவற்றையும் அள்ளிச் செல்வது சூது. மதுவோடு சேர்த்து ஷைத்தானின் செயல் என்று குர்ஆன் தடுத்தது இதைத்தான். இன்று சூதாட மைதானத்திற்குப் போக வேண்டியதில்லை. போர்வைக்குள் படுத்துக்கொண்டு செல்போனில் ஆடுகிறார்கள். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு 2025-இல் நாடாளுமன்றமே தடைச் சட்டம் இயற்றியது. நமக்கோ அந்தத் தடை பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. உங்கள் மகன் கையில் இருக்கும் போனில் என்ன நடக்கிறது என்று இன்றிரவு அன்போடு உட்கார்ந்து கேளுங்கள்.

நான்கு, பாங்கு சொன்னால் இந்த ஆட்டத்தை நிறுத்த முடியுமா? முடியாவிட்டால், நாம் அதை ஆடவில்லை. அது நம்மை ஆட்டுகிறது.

இந்த நான்கிலும் தேறினால் ஓடுங்கள், நீந்துங்கள், சிலம்பம் சுற்றுங்கள், பிள்ளைகளோடு சேர்ந்து ஆடுங்கள். நபியவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடி ஒருமுறை தோற்றார்கள், பிறகு ஒருமுறை வென்றார்கள். (அபூதாவூத்) மனைவியிடம் தோற்பதையும் மகிழ்ச்சியாக்கிக் காட்டிய தலைவர் அவர்கள்.

யா அல்லாஹ்! எங்கள் உடலுக்கு ஆரோக்கியத்தையும் உள்ளத்திற்கு ஈமானையும் தருவாயாக! எங்கள் பிள்ளைகளைச் சூதிலிருந்தும் வீம்பிலிருந்தும் காப்பாயாக! உலகில் எங்கே ஒரு குழந்தை பிறருடைய பெருமைக்காக வதைபடுகிறதோ, அதை மீட்டு அதன் தாயிடம் சேர்ப்பாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.