வாய்ச்சொல்லுக்கு முன் கைவேலை

கிறிஸ்தவ விசுவாசத்தைச் சிறு குழந்தைகளுக்கு எவ்வாறு கற்பிப்பது என்ற கேள்விக்குத் தமிழகம் நெடுங்காலம் அளித்துவந்த விடை, ஞானோபதேசம் எனப்படும் வினாவிடை முறையாகும். அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்க’மும், அடுத்த ஆண்டில் கொச்சியில் வெளிவந்த ‘கிரீசித்தியானி வணக்க’மும் விசுவாசப் போதனை நூல்களே என்பதால், தமிழ் அச்சின் வரலாறே இம்முறையோடு தொடங்குகிறது எனலாம். ஆசிரியர் கேட்பார், மாணாக்கர் மனப்பாடமாக விடை கூறுவர். நினைவாற்றலுக்கு இம்முறை செய்த தொண்டு பெரிது. ஆயினும், ஐந்து வயதுக் குழந்தை ‘விசுவாசிக்கிறேன்’ என்று சொல்லும்போது, அச்சொல்லுக்குப் பொறுப்பேற்கக்கூடிய ஒருவர் அதைச் சொல்லுகிறாரா என்ற ஐயம் எஞ்சி நிற்கிறது.

இந்த ஐயத்தின் கூர்மையை உணரக் கொல்லிமலை பொருத்தமான இடம். இன்று நாட்டு ஊராட்சிகளாக விளங்கும் இம்மலையின் 14 நாடுகளுள் பெரக்கரை நாடும் ஒன்று, வாழவந்தி நாடும் ஒன்று. மலையாளி என்னும் பழங்குடியினர் வாழும் இம்மலைக்கு ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி ஈவ்லினும் 1913இல் திருமணமான கையோடு குடியேறி, வாழவந்தியில் பணிபுரிந்தனர். அவர்கள் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்தவர்கள். விசுவாசம் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் சொத்தன்று, அதைத் தானாக அறிக்கையிட்டவரே ஞானஸ்நானம் பெறத் தகுந்தவர் என்பது பாப்டிஸ்டு சபைகளின் அடிப்படைக் கொள்கை. எனவே அவர்கள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. கொள்கை இவ்வளவு கண்டிப்பானது என்றால், தன் விசுவாசத்தைத் தானே அறிக்கையிட இயலாத வயதில் உள்ள பிள்ளைக்கு எதைத்தான் கற்பிப்பது?

பிராண்டு தம்பதியர் இதற்கு ஏடெழுதி விடை சொல்லவில்லை. அவர்கள் நடத்திய வாழ்க்கையில்தான் விடை கிடக்கிறது. ஜெஸ்ஸி கட்டட வேலை அறிந்தவர். பள்ளி நடத்தியதோடு மலைவாசிகளுக்குத் தச்சு வேலையும் கற்பித்தார். ஈவ்லின் ஓவியம் பயின்றவர். 1914இல் பிறந்த அவர்களுடைய மகன் பால், பாடங்களைப் பெரும்பாலும் திறந்த வெளியிலேயே கற்றார். தந்தை அவருக்குக் கறையான் புற்றின் அமைப்பைக் காட்டி, படைப்பை உற்று நோக்கப் பழக்கினார். படைத்தவரைப் பற்றிய சொற்பொழிவைவிடப் படைப்பின்மீது கொள்ளும் கவனம் முந்தியது என்ற வரிசைமுறை இதில் அடங்கியிருக்கிறது. அந்த வரிசையே சரியானது.

கல்வியாளர் சிலரும் வேறு வழிகளில் இதே முடிவை அடைந்தனர். லூத்தரன் போதகரின் மகனான பிரடெரிக் பிரோபல், 1837இல் ஜெர்மனியில் தொடங்கி, பின்னர் ‘கிண்டர்கார்டன்’ எனப் பெயரிட்ட குழந்தைப் பள்ளியில், கம்பளி நூல் பந்து, மர உருண்டை, கனசதுரம் போன்றவற்றைக் குழந்தையின் கையில் கொடுத்தார். உலகின் ஒழுங்கைத் தொட்டறியும் பிள்ளை அதன் மூலத்தையும் உணரும் என்பது அவர் நம்பிக்கை. மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். அவருடைய முறையைப் பின்பற்றி, 1954இல் ரோமில் சோபியா கவல்லெட்டி உருவாக்கிய மறைக்கல்வி முறையில், நல்ல மேய்ப்பனின் உவமையை ஆசிரியர் சிறு மர உருவங்களைக் கொண்டு ஒருமுறை சொல்லிவிட்டு விலகிக்கொள்வார். பின் குழந்தை அவற்றைத் தனியே நகர்த்திப் பார்த்துத் தானே சிந்திக்கும். விளக்கம் கேட்டுப் பிள்ளையை நெருக்குவதில்லை என்பதே இதன் சிறப்பு.

இங்கே ஓர் எதிர்ப்பு எழக்கூடும்: உருவங்களைக் கொண்டு விசுவாசத்தைக் கற்பிப்பது விக்கிரகத் தடையை மீறுவதாகாதா? ஆனால், விக்கிரகம் செய்யலாகாது என்று கட்டளையிடும் அதே யாத்திராகமம், ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்ய வந்த பெசலெயேல் என்னும் கைவினைஞனைத் தேவ ஆவி நிரப்பியதாகவும் கூறுகிறது. ஆதலால் தடை கைக்கு விதிக்கப்பட்டதன்று, கை செய்ததையே கடவுளாகக் கொள்வதற்கு விதிக்கப்பட்டது எனக் கொள்ளுதல் தகும்.

மெய்யான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. விடுமுறை வேதாகமப் பள்ளிகளில், முன்கூட்டியே வெட்டித் தந்த ஆட்டுக்குட்டித் தாளில் பஞ்சை ஒட்டி, அச்சிட்ட வசனத்தை அடியில் சேர்த்து வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் பரவலாக உள்ளது. எல்லாப் பிள்ளைகளின் ஆடும் ஒன்றுபோலவே அமைகிறது. கை வேலை செய்ததாகத் தோன்றினாலும், அங்கு நடந்தது மீண்டும் மனப்பாடமே. பொருள் பிள்ளையை எதிர்த்து நிற்பதும் இல்லை, பிள்ளை பிழைசெய்து திருத்திக்கொள்வதும் இல்லை.

இதற்கு நேர்மாறானவை தமிழ்க் கிறிஸ்தவர்களின் வீடுகளிலேயே இருக்கின்றன. குருத்தோலை ஞாயிறன்று செய்யும் ஓலைச் சிலுவையை எடுத்துக்கொள்ளலாம். ஈர்க்கை உரித்த இளங்குருத்தை மடித்து, குறுக்கே வளைத்து, நுனியைச் செருகி இறுக்க வேண்டும். ஓலை காய்ந்திருந்தால் மடிப்பில் முறிந்துவிடும், அவசரப்பட்டால் அவிழ்ந்துவிடும். கத்தோலிக்க ஆலயங்களில் இவ்வோலைகள் எரிக்கப்பட்டு, மறு ஆண்டுச் சாம்பல் புதனன்று நெற்றியில் பூசப்படும் சாம்பலாகின்றன. ஆகவே, பிள்ளை செய்த பொருளே ஆரவாரத்திலிருந்து மனந்திரும்புதலுக்குச் செல்லும் வழியைக் கடக்கிறது. கிறிஸ்துமஸ் குடிலுக்கான பசும்புல் தட்டும் இத்தகையதே. டிசம்பர் நடுவில் ஈரமண்ணில் கேழ்வரகைத் தூவி, நாள்தோறும் நீர் தெளித்து, முளைக்கும்வரை குழந்தை காத்திருக்க வேண்டும். கேழ்வரகும் சாமையும் விளையும் கொல்லிமலையில் இது கடையில் வாங்கிவந்த அலங்காரம் ஆகாது; மண்ணுக்குள் மறையும் விதையைப் பற்றி இயேசு கூறியதைப் பின்னொரு நாள் கேட்கும் பிள்ளைக்கு, அவ்விதை ஏற்கெனவே தன் விரல் தொட்டறிந்த ஒன்றாக இருக்கும்.

தொடுதலின் மதிப்பைப் பால் பிராண்டின் பிற்கால வாழ்வும் உணர்த்துகிறது. கட்டடத் தொழில் பயின்றபின் மருத்துவரான அவர், 1946இல் வேலூருக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் சீர்ப்படுத்தினார். உணர்ச்சியற்ற விரல் தன்னையறியாமலேயே காயப்பட்டு அழிகிறது என்பதை எடுத்துக்காட்டிய அவர், குணமடைந்தவர்களுக்கு மரப் பொம்மைகள் செய்யும் தொழிலையும் கற்பித்தார்.

இன்றும் பெரக்கரை நாடு போன்ற ஓர் இடத்தில் இவ்வகைக் கல்வியை நடத்துவோர், எதிரில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுள் பலர் வேறு தெய்வங்களை வணங்கும் வீடுகளிலிருந்து வருவர் என்பதை மறக்கலாகாது. பெற்றோரிடம் முன்னரே சொல்லி இசைவு பெறுவதும், பண்டத்தைக் காட்டி வாக்குமூலம் கேளாதிருப்பதும் அங்கே விசுவாசத்துக்கே உரிய கடமைகள். பிராண்டு தம்பதியர் மலையில் முதல் விசுவாசிக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தனர்; ஜெஸ்ஸி 1929இல் கருநீர்க் காய்ச்சலால் இறந்தபின்னும் ஈவ்லின் மலைக்குத் திரும்பிவந்து, 1974இல் தமது 95ஆம் வயதில் இறக்கும்வரை மலைவாழ் மக்களுக்காக உழைத்தார். அத்தகைய பொறுமை, பத்து நாள் முகாமின் இறுதியில் எத்தனை பிள்ளைகள் விசுவாசிப்பதாகக் கை தூக்கினர் என்று கணக்கெடுக்கும் வழக்கத்தோடு ஒத்துப்போகாது.