மூலமும் நகலும்

மூலம் எது, நகல் எது என்ற கேள்வி புதுக்கடைக்குப் புதியதல்ல. நீதிமன்றங்களைச் சுற்றி உறுதிகளையும் அவற்றின் பிரதிகளையும் சுமந்தபடி மனிதர்கள் அலைகிறார்கள். 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் மூல ஆவணத்தை முதல்நிலைச் சான்றென்றும், பிரதியை இரண்டாம்நிலைச் சான்றென்றும் வகுத்திருக்கிறது.

கடந்த நோன்பு விடுமுறையில் அங்கே தங்கை வீட்டில் தங்கியிருந்தபோது இதே கேள்வி வேறு உருவில் எழுந்தது. தொண்ணூறுகளில் வாப்பா வாங்கித் தந்த ரீவி கேம் பெட்டி அலுமாரியின் மேல் கிடந்தது. அதை வீசிவிடலாம் என்றான் மருமகன்.

“மாமா, அந்த கேம் எல்லாம் இந்த ஃபோனுக்குள்ளயே இருக்கு.”

சுப்பர் மரியோவை ஓடவிட்டும் காட்டினான். தங்கை இணங்கவில்லை. “அது வாப்பாட சாமான்” என்றாள்.

மருமகன் பக்கம் நியாயம் இருந்தது. 1985இல் வெளிவந்த அந்த விளையாட்டின் மொத்த அளவே 40 கிலோபைட். பழைய இயந்திரத்தைப் போல ஒரு மென்பொருள் நடித்துக் காட்ட, வீடு மாறியதை அறியாமலே விளையாட்டு ஓடுகிறது. நகலெடுப்பதை நாம் இழிவாகப் பேசவும் முடியாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகள் திரும்பி வரவேயில்லை.

மூலத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பெட்டியோடு ஒரு துப்பாக்கி வந்தது. விசையை அழுத்தியதும் திரை கணநேரம் கறுக்கும். வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் தோன்றும். துப்பாக்கியிலுள்ள ஒளியுணரி அந்த வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். புதிய தட்டைத் திரையோ படத்தைச் சற்றுத் தாமதித்தே காட்டுவதால் துப்பாக்கி குருடாகிவிடுகிறது. ஆக, விளையாட்டின் ஒரு பகுதி கேசட்டுக்குள் மட்டுமல்ல, இயந்திரத்திலும் பழைய குழாய்த் திரையிலும் இருந்திருக்கிறது.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். நின்டெண்டோவின் பெயர் அதில் இல்லை. 1983இல் ஜப்பானில் வந்த ஃபமிகொம் இயந்திரத்தைப் பார்த்து எங்கோ செய்த போலி அது. நாங்கள் இத்தனை காலமும் மூலமென்று எண்ணியிருந்தது ஒரு நகலை!

அப்படியானால் தங்கை எதைக் காக்கிறாள்? விளையாட்டை அல்ல. மூல உறுதியில் நாம் தேடுவது வாசகத்தை மட்டுமல்ல. வாசகம் பிரதியிலும் இருக்கிறது. ஒப்பமிட்டவரின் கை பட்ட தாள் மூலம் மட்டுமே. அந்தப் பெட்டி, குறைந்த வருமானத்தில் ஒரு மனிதர் தம் பிள்ளைகளுக்காக மிச்சம்பிடித்ததற்குச் சான்று. அதற்குப் பிரதி எடுக்க முடியாது.

வாப்பாவுக்கு இனி நாம் செய்யக்கூடியது துஆ. அதற்குப் பெட்டி எதற்கு என்று கேட்டால் என்னிடம் மறுப்பில்லை. ஆனால் மறதி மனித இயல்பு. துஆவை நினைவூட்ட ஒரு பொருள் கண்ணெதிரே இருப்பதில் குற்றமில்லை.

மருமகன் வாப்பாவைக் கண்டதில்லை. அவனுக்கு அது ஓடாத இயந்திரம் மட்டுமே. சான்றுப் பொருள் தானாகப் பேசாது. அதற்கொரு சாட்சி வேண்டும். அன்றிரவு தராவீஹ் முடிந்து வந்ததும் அவனை அருகில் இருத்தி, அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்த கதையைச் சொன்னேன்.