கழன்று வரும் மரக்குமிழ்

1943 கிறிஸ்துமஸுக்கு ஃபிலிப் வான் டோரன் ஸ்டெர்ன் என்ற அமெரிக்க எழுத்தாளர் தன் நண்பர்களுக்கு அனுப்பிய வாழ்த்து கொஞ்சம் விசித்திரமானது. எந்தப் பத்திரிகையும் ஏற்காத தன் சிறுகதை ஒன்றைச் சின்னஞ்சிறு புத்தகமாக 200 பிரதிகள் அச்சடித்து, வாழ்த்து அட்டைக்குப் பதிலாக அதையே தபாலில் போட்டுவிட்டார். பாலத்தின் மேல் நின்று சாகத் துணியும் ஒருவன், தான் பிறக்காமலே இருந்திருக்கலாம் என்று சொல்ல, அது அப்படியே பலித்துவிடுவதுதான் கதை. பண்டிகை நாளில் ஒருவர் கையில் கொடுக்கக்கூடிய விஷயமா இது? ஆனால் அடுத்த ஆண்டே ஆர்.கே.ஓ. ஸ்டூடியோ அதை 10,000 டாலருக்கு வாங்கியது. 1946 டிசம்பரில் ஃபிராங்க் காப்ராவின் இயக்கத்தில் அது ‘இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்’ படமாக வெளிவந்தது.

படம் ஓடவில்லை. ஆர்.கே.ஓ.வின் கணக்குப் புத்தகத்தில் 5,25,000 டாலர் நஷ்டம் என்று ஏறியது. ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகள் வந்தும், சிறந்த படத்துக்கான விருதை ‘தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ கொண்டுபோனது. வட்டிக்காரப் பணக்காரரை இவ்வளவு கெட்டவராகக் காட்டுவது கம்யூனிஸ்ட்டுகளின் உத்தி என்று 1947-ல் எஃப்.பி.ஐ. கோப்பில் குறிப்பு வேறு எழுதி வைத்தார்கள். பிறகு எல்லோரும் மறந்துபோனார்கள். எவ்வளவு மறந்தார்களென்றால், 1974-ல் பதிப்புரிமையைப் புதுப்பிக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. காசு கொடுக்காமல் ஒளிபரப்பலாம் என்றதும் ஊர் ஊராக இருந்த தொலைக்காட்சி நிலையங்கள் டிசம்பர் முழுக்க அதைப் போட்டுத் தள்ளின. மூலக்கதையின் உரிமை தங்களிடம் இருப்பதாகக் காட்டி 1993-ல் ரிபப்ளிக் பிக்சர்ஸ் அதை மீட்டெடுப்பதற்குள் ஒரு தலைமுறையே அதைப் பார்த்து வளர்ந்துவிட்டது. அமெரிக்காவின் செல்லக் கிறிஸ்துமஸ் படத்தை வளர்த்துவிட்டதில் ஒரு மறதிக்கும் பங்குண்டு.

உங்களுக்குப் பிடித்த கிறிஸ்துமஸ் படம் எது என்று கேட்டால், பெரும்பாலோர் சொல்லும் பதிலில் படத்தைவிட வயதுதான் தெரியும். ‘ஹோம் அலோன்’ படத்தைப் பத்து வயதில் பார்த்த பையன், பெயின்ட் டப்பா திருடன் முகத்தில் மோதும்போது சிரித்து உருண்டிருப்பான். அவனே நாற்பது வயதில் பார்க்கும்போது கண் வேறு இடத்துக்குப் போகிறது. மகனிடம் போய்ச் சேர வேறு வழியில்லாமல், முன்பின் தெரியாத வாத்தியக் கோஷ்டியின் வண்டியில் ஏறி இரவெல்லாம் குலுங்கிக்கொண்டு வரும் அந்தத் தாயிடம். படம் 1990-ல் எடுத்தது எடுத்தபடியே இருக்கிறது.

பார்ப்பவரின் வயதைக் காட்டிக்கொடுக்கும் இந்த வேலையைக் காப்ராவின் படம் இன்னும் கொடூரமாகச் செய்கிறது. இளைஞன் ஜார்ஜ் பெய்லிக்கு ஊரை விட்டுப் போக வேண்டும். ஐரோப்பா பார்க்க வேண்டும், படிக்க வேண்டும், பாலங்கள் கட்ட வேண்டும். கிளம்பும் நேரத்தில் அப்பா இறக்கிறார். அவர் நடத்திய சின்ன வீட்டுக்கடன் சங்கத்தை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். சேர்த்துவைத்த பணத்தில் தம்பி ஹாரி கல்லூரிக்குப் போகிறான். திரும்பி வந்து பொறுப்பை ஏற்பதாகப் பேச்சு. திரும்பி வரும்போது கூடவே மனைவியும், மாமனார் தரும் வேலையும் வருகின்றன. ரயில் நிலையத்தில் அந்தச் செய்தி காதில் விழும் கணத்தில், ஜார்ஜாக நடிக்கும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் முகம் மாறுவதையும், உடனே அதை மறைத்துக்கொண்டு சிரிப்பதையும் மூத்த பிள்ளையாகப் பிறந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சிறுவயதில் இதே தம்பியைப் பனி உறைந்த நீரிலிருந்து இழுத்துக் காப்பாற்றப் போய்த்தான் ஜார்ஜுக்கு ஒரு காது கேட்காமல் போனது. அந்தக் காதால் அவன் போருக்குத் தகுதியில்லாதவன் ஆகிறான். தம்பி போர் வீரனாகிப் பதக்கம் வாங்குகிறான்.

சரி, பிடிக்காத படம்? ஒரு படத்தைச் சொல்லி முடிக்க முடியாது, ஒரு வகையையே சொல்ல வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அதுவும் வாழ்த்து அட்டையில் பிறந்ததுதான். கன்சாஸ் சிட்டியில் 1910-ல் தொடங்கிய ஹால்மார்க் என்ற வாழ்த்து அட்டை நிறுவனத்தின் பெயரில் ஒரு தொலைக்காட்சி அலைவரிசை இருக்கிறது. 2009-லிருந்து அது பண்டிகை தொடங்கும் முன்பே கிறிஸ்துமஸ் படங்களை வரிசையாக இறக்குகிறது. சில ஆண்டுகளில் ஒரே பருவத்தில் 40 புதுப்படங்கள் வரை. கதை ஏறத்தாழ ஒன்றுதான். பெருநகரத்தில் பெரிய வேலையில் இருக்கும் பெண் சொந்த ஊருக்கு வருகிறாள். குடும்பத்து பேக்கரியோ கிறிஸ்துமஸ் மரப் பண்ணையோ மூடும் நிலையில் இருக்கிறது. கட்டம்போட்ட சட்டைக்காரன் ஒருவன் விறகு பிளந்துகொண்டிருக்கிறான். நகரத்து நிச்சயதார்த்த மாப்பிள்ளை எப்போதும் போனில் பேசிக்கொண்டிருக்கிறான், பாவம். இரண்டு மணி நேரத்தில் அவள் ஊரோடு தங்கிவிடுகிறாள்.

இவற்றைப் பார்ப்பவர்களைக் கிண்டல் செய்வது சுலபம். அதில் நியாயம் இல்லை. வேலை முடிந்து அலுத்து வந்தவருக்கு, முடிவு தெரிந்த கதை தலையணை மாதிரி. பொய்ப்பனியைக் குறை சொல்லவும் வழியில்லை. இந்தப் படங்கள் பல கனடாவில், கோடையில் எடுக்கப்படுகின்றன என்பது உண்மை. ஆனால் காப்ராவின் பனியும் 1946-ன் கலிஃபோர்னியக் கோடையில் கொட்டியதுதான். அதுவரை வெள்ளையடித்த கார்ன்ஃபிளேக்ஸைத்தான் பனியாகத் தூவுவார்கள். நடந்தால் அப்பளம் நொறுங்குவதுபோலச் சத்தம் வரும், வசனத்தைப் பிறகு தனியாகப் பதிய வேண்டும். இந்தப் படத்துக்காகத் தீயணைப்பு நுரையில் சோப்பும் தண்ணீரும் கலந்து சத்தமில்லாத பனியைக் கண்டுபிடித்து, அதற்காக ஒரு தொழில்நுட்ப ஆஸ்கரும் வாங்கினார்கள். பாலத்துக் காட்சியில் ஸ்டூவர்ட்டுக்கு வியர்ப்பது கூர்ந்து பார்த்தால் தெரியும்.

பனி பொய்யாக இருக்கலாம். விலை பொய்யாக இருக்கக் கூடாது. ஹால்மார்க் நாயகி ஊரில் தங்குவதற்காக எதையும் இழப்பதில்லை. அவள் விட்டுவந்த வேலை அவளுக்கே பிடிக்காத வேலை, விட்டுவந்த ஆள் அவளுக்கே பிடிக்காத ஆள். ஜார்ஜ் இழப்பது அவன் உயிராக நேசித்ததை. படம் முடியும்வரை அவன் ஐரோப்பாவைப் பார்ப்பதில்லை, ஒரு பாலமும் கட்டுவதில்லை. இருந்த இடத்திலேயே இருந்துவிட்டவன் தோற்றவனா என்ற கேள்வியை இரண்டு வகைப் படங்களுமே தொடுகின்றன. ஒன்றில்தான் அது உண்மையான கேள்வி.

அந்த விலையை டாலர் கணக்கில் காட்டும் காட்சி ஒன்று உண்டு. ஜார்ஜுக்கும் மேரிக்கும் கல்யாணமான அன்று. தேன்நிலவுக்குக் கிளம்பும் டாக்ஸியிலிருந்து பார்த்தால் சங்கத்தின் வாசலில் கூட்டம். எல்லோருக்கும் போட்ட பணம் உடனே வேண்டும். பணம் பெட்டியில் இல்லை, அது பக்கத்து வீட்டுக்காரரின் வீட்டுச் சுவராக நிற்கிறது என்று ஜார்ஜ் எவ்வளவோ விளக்குகிறான். யார் கேட்கிறார்கள்? மேரி தேன்நிலவுக்கு வைத்திருந்த 2,000 டாலர் கட்டைத் தூக்கிக் காட்டுகிறாள். முதல் ஆள் தன் கணக்கில் உள்ள 242 டாலரையும் ஒரு காசு குறையாமல் வாங்கிக்கொள்கிறார். அடுத்தவருக்கு 20 போதும் என்றாகிறது. பிறகு ஒரு பெண்மணி, 17 டாலர் 50 சென்ட் கிடைக்குமா என்று மெல்லக் கேட்கிறார். ஸ்டூவர்ட் எட்டி அவர் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிடுகிறார். கூட்டத்தின் பீதி தணிந்த இடம் அந்த ஐம்பது சென்ட்டில் இருக்கிறது. மாலை ஆறு மணிக்குக் கதவை மூடும்போது மிச்சம் இரண்டு டாலர்.

படத்தில் குறையில்லாமல் இல்லை. ஜார்ஜ் பிறக்காத உலகத்தில் மேரிக்கு நேரும் பெரும் துயரம் என்ன தெரியுமா? கல்யாணமாகாமல், கண்ணாடி போட்டுக்கொண்டு, நூலகத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறாள். நூலகர்கள் இதை எண்பது ஆண்டுகளாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஜார்ஜ் இல்லாமல் சீரழிந்ததாகக் காட்டும் ஊர், விளக்கும் இசையுமாக, சீரழியாத ஊரைவிடக் கலகலப்பாக இருக்கிறது என்ற கிண்டலும் நியாயமானதே.

ஆனால் மதுக்கடைக் காட்சி வந்ததும் இந்தக் கிண்டல் எல்லாம் வாயடைத்துப் போகும். மறதிக்கார மாமா தொலைத்த 8,000 டாலருக்காக ஜார்ஜ் சிறை போக வேண்டிய இரவு அது. கடவுளிடம் கேட்டுப் பழக்கமில்லாத ஆள் கடவுளிடம் கேட்டு அழுகிறான். ஸ்டூவர்ட் ஐரோப்பாவின் மேல் குண்டுவீச்சு விமானங்களை ஓட்டிவிட்டுத் திரும்பி நடித்த முதல் படம் இது. அந்த அழுகை திட்டமிட்டதல்ல, எங்கும் போக வழியில்லாத மனிதர்களின் தனிமை தன்னைப் பிடித்துக்கொண்டது என்று அவர் பின்னாளில் சொன்னார். கேமரா தள்ளி இருந்ததால், எடுத்த படச்சுருளையே பெரிதாக்கித்தான் காப்ரா முகத்தை நெருங்கினார்.

அந்த 8,000 டாலர் உண்மையில் தொலையவில்லை. பணக்காரர் பாட்டரின் கையில் அகப்பட்டது. அவர் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஊரே வந்து கூடையில் பணத்தைக் கொட்டுகிறது, ஆனால் பாட்டருக்கு ஒன்றும் ஆவதில்லை. திருடிய பணம் அவரிடமே இருக்கிறது. யாருக்கும் தெரியக்கூட இல்லை. குற்றவாளி தண்டனை பெற்றே ஆக வேண்டும் என்று ஹாலிவுட் தணிக்கை விதி இருந்த காலத்தில் இது எப்படித் தப்பியது என்பதே ஆச்சரியம். இது ரசிகர்களை எவ்வளவு உறுத்தியது என்றால், 1986-ல் ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியில், ஊரார் திரண்டுபோய்ப் பாட்டரை அடித்து நொறுக்கும் “தொலைந்துபோன முடிவு” ஒன்றைக் கேலியாக நடித்துக் காட்டினார்கள். ஹால்மார்க் படமாக இருந்தால் பாட்டர் மனம் திருந்திக் கையில் கேக்கோடு வந்திருப்பார்.

ஜார்ஜின் பழைய வீட்டு மாடிப்படியில், கைப்பிடிக் கம்பத்தின் தலையில் ஒரு மரக்குமிழ் இருக்கிறது. ஆணி இளகிப்போனது. அவன் மேலே ஏறும்போது கையோடு கழன்று வந்துவிடும். எல்லாம் குலைந்த அந்த இரவில், அது கையில் வந்ததும் எங்காவது விட்டெறியப் போகிறவன்போல ஓங்குகிறான். பிறகு, மறுபடி பிறந்தவனாக ஓடி வருகிறான். கூடத்தில் கைது வாரண்டோடு ஆட்கள் காத்திருக்கிறார்கள். பணம் வரப்போவது அவனுக்கு இன்னும் தெரியாது. பிள்ளைகளைப் பார்க்கப் படியேறுகிறான், குமிழ் கழன்று கையில் வருகிறது. அதற்கு ஒரு முத்தம் கொடுத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு மேலே ஓடுகிறான். ஆணியை யாரும் முடுக்குவதில்லை.