இல்லாத அணு

ஒரு என்ஸைம் முழுவதையும் குவாண்டம் விதிப்படி கணக்கிட்டு மாளாது. 1976இல் வார்ஷெலும் லெவிட்டும் லைசோஸைமைக் கூறு போட்டார்கள்: பிணைப்பு அறுந்து கூடுகிற சிறு இடத்துக்குக் குவாண்டம், மீதிக்குப் பழைய பௌதிகம். (2013இல் கார்ப்ளஸோடு சேர்த்து நோபல் பரிசு.)

கோடு ஒரு பிணைப்பின் குறுக்கே போய்விட்டால்? அறுந்த முனையை ஒரு ஹைட்ரஜனை வைத்து மூடுவது வழக்கத்திலுள்ள ஒரு வழி. இயற்கையில் அந்த ஹைட்ரஜன் கிடையாது. இதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். வெட்டுகிறவன் வினை நடக்கும் இடத்தை விட்டுத் தள்ளி, சாதுவான ஒரு கார்பன்-கார்பன் ஒற்றைப் பிணைப்பாகப் பார்த்து வெட்டுகிறான். வைத்த அணு கணக்குக்காக வந்தது என்ற பிரக்ஞை அவனுக்குக் கடைசிவரை இருக்கிறது.

மாநிலம் பிரித்தவர்களுக்கு இந்த ஜாக்கிரதை இருந்ததாகத் தெரியவில்லை. 1956இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. பழைய திருவிதாங்கூர் எல்லையே போடிமெட்டில் மாநில எல்லையாயிற்று. விடியுமுன் போடியிலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டங்களுக்கு ஏறுகிற பெண்கள் சாயங்காலம் இறங்குகிறார்கள். இங்கே வினை நடப்பதே கோட்டின் மேல்தான். அறுந்த முனையில் சோதனைச் சாவடி. அதுவும் கணக்குக்காக வந்ததுதான்; ஆனால் மலையைவிட மெய்யாக நிற்கிறது. கூலி அந்தப் பக்கத்து ஏட்டில், ரேஷன் இந்தப் பக்கத்து ஏட்டில்.