பெடலுக்குள் மூன்று கம்பிகள்

கார் பந்தய விளையாட்டுக்கான ஸ்டீயரிங் செட்டில், மோட்டாரும் பல்சக்கரங்களும் சர்க்யூட்டும் ஸ்டீயரிங் பெட்டிக்குள் இருக்கின்றன. அது கெட்டுப்போனால் காலடியில் கிடக்கும் பெடல்களும் கூடவே குப்பைக்குப் போகின்றன. லாஜிடெக் ஜி27 போன்ற செட்டுகளில் பெடல்களுக்கென்று தனி யூஎஸ்பி கிடையாது. ஒன்பது பின் கொண்ட கேபிள் ஒன்று ஸ்டீயரிங்குக்குப் போகிறது; அங்கிருந்துதான் கம்ப்யூட்டருக்குச் செய்தி போகும். எனவே ஆக்சிலேட்டர், பிரேக், கிளட்ச் மூன்றும் ஒரு பழுதும் இல்லாமலே எடைக்குப் போகின்றன. மதுரை கோரிப்பாளையத்தில் எங்கள் தெருவுக்கு வரும் பழைய இரும்பு வியாபாரியிடம் நான் வாங்கியதும் அப்படிக் கழித்துவிடப்பட்ட ஒரு செட்தான்.

அடித்தட்டைக் கழற்றினால் உள்ளே பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஒவ்வொரு பெடலின் அச்சும் ஒரு பொட்டென்ஷியோமீட்டரைத் திருப்புகிறது. பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குப் பின்னால் இருப்பதும் இதேதான். மூன்று கால்கள், சுமார் பத்தாயிரம் ஓம் மின்தடை. மல்டிமீட்டரை ஓரத்துக் கால்கள் இரண்டிலும் வைத்துப் பெடலை மிதித்தால் அளவு மாறாது. ஓரத்துக் காலுக்கும் நடுக்காலுக்கும் இடையில் வைத்தால் மிதிக்க மிதிக்க மாறும். கேபிளின் ஒன்பது பின்களில் எது எதற்கு என்பதை இப்படியே கண்டுபிடித்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: பழைய கம்ப்யூட்டர்களின் பின்புறம் இதே வடிவத்தில் சீரியல் போர்ட் இருக்கும். அதில் செருகிவிடாதீர்கள், அங்கே வரும் மின்னழுத்தம் வேறு.

ஸ்டீயரிங் இல்லாமலே பெடல்களைக் கம்ப்யூட்டரோடு இணைக்க இடையில் தேவைப்படுவது, ஆர்டுயினோ வகையைச் சேர்ந்த புரோ மைக்ரோ என்ற விரல் நீளச் சிறு போர்டு. அதிலுள்ள ஏடிமெகா32யூ4 சிப்புக்கு யூஎஸ்பி மொழி நேரடியாகத் தெரியும். பொட்டென்ஷியோமீட்டரின் ஓரக் கால்களில் ஒன்றுக்கு 5 வோல்ட், மற்றதற்கு கிரவுண்ட், நடுக்காலுக்கு அனலாக் பின். சால்டரிங் முடிந்தது. ஆர்டுயினோவுக்கான ஜாய்ஸ்டிக் லைப்ரரி இலவசம். கால் மிதிப்பது 0 முதல் 1023 வரையுள்ள எண்ணாகிறது. பெடல் முழு வட்டம் சுற்றாது என்பதால் முழு எண்வரிசையும் வராது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்து நிரலில் எழுத வேண்டும். கார்பன் தடம் தேய்ந்திருந்தால் எண் துள்ளும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, பல அளவுகளின் சராசரியை எடுத்தால் பெரும்பாலும் அடங்கும்.

பிரேக்கில்தான் விஷயம் ஆழமாகிறது. ஏ.வி. பாலத்திலிருந்து இறங்கி கோரிப்பாளையம் சிக்னலுக்கு வரும் கார் டிரைவரின் காலைக் கவனித்திருக்கிறேன். முன்னே ஒரு ஆட்டோ நுழைந்தால் அந்தக் கால் கூடுதல் தூரம் போவதில்லை, கூடுதலாக அழுந்துகிறது. பிரேக் பிடிக்கத் தொடங்கிய பிறகு தூரம் கொஞ்சம்தான், மீதியெல்லாம் அழுத்தம். கால் நினைவில் வைத்திருப்பதும் அதைத்தான். பொட்டென்ஷியோமீட்டருக்கோ தூரம் மட்டுமே தெரியும். அழுத்தத்தையே அளக்கும் லோட் செல் பொருத்துவது ஒரு வழி. எளிய வழியும் உண்டு: பிரேக் ஸ்பிரிங்கோடு கெட்டியான ரப்பர் துண்டு ஒன்றைச் சேர்த்துவிடுவது. ரப்பர் நசுங்கும் அளவே இப்போது அழுத்தத்தின் அளவு. காசு செலவில்லாத இந்தத் துண்டு எனக்குக் கொடுத்த மகிழ்ச்சி பெரிது. கருவிக்குத் தெரியாத ஒன்றை, அதற்குத் தெரிந்த மொழியிலேயே சொல்லிவிட முடிகிறது.

தமிழ்நாட்டின் கார் பந்தயத்திலும் இப்படிக் கைக்குக் கிடைத்ததை வைத்து வளர்ந்த கதை உண்டு. கோவையின் கரிவரதன், வீதியில் ஓடிய மாருதி 800-இன் இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் அமைத்தார். வெளிநாட்டுக் கார் வாங்க வழியில்லாத இளைஞர்கள் ஃபார்முலா மாருதி என்ற அந்தக் காரை ஓட்டிப் பழகினார்கள். நரேன் கார்த்திகேயனின் தொடக்கமும் அதில்தான். 2005-இல் அவர் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநரானார். கோவையை அடுத்த செட்டிப்பாளையத்துப் பந்தயத் தடம் இன்று கரிவரதன் பெயரைத் தாங்கி நிற்கிறது. குடும்பத்தை ஏற்றிச் செல்லப் பிறந்த இன்ஜினுக்கு, பந்தயம் ஓடக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. பெட்ரோலை எரித்துச் சுழல்வது அதன் இயல்பு. எந்த வண்டியில் சுழல வேண்டும் என்பது மனிதர் செய்த ஏற்பாடு.

பெடலும் அப்படியே. ஸ்டீயரிங்கோடு அதைக் கட்டிப்போட்டது கம்பெனியின் ஏற்பாடு. ஓமின் விதி யாருக்கும் சொத்தில்லை. ஏற்பாடு முறிந்ததைப் பொருளே செத்துவிட்டது என்று நம்பி எத்தனையோ நல்ல பொருள்களை வெளியே போட்டிருக்கிறோம். விலை கொடுத்தால் பொருள் கைக்கு வரும். அது எப்படி வேலை செய்கிறது என்று அறிந்த பிறகே நமக்குச் சொந்தமாகும்.

பழுது பார்க்கும் உரிமைக்கென்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், கைபேசிகள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் ஆகியவற்றை அது முதலில் எடுத்துக்கொண்டது. நல்ல முயற்சி, அது முழுச் சட்டமாக வேண்டும். ஆனால் திறந்து பார்க்க யாரும் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது கிடக்கும். எடைக்குப் போடுமுன் மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு, பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்து, ஒருமுறை திறந்து பாருங்கள்.