ஆளுதலும் தாங்குதலும்

கிண்ணியா உள்ளிட்ட இலங்கை முஸ்லிம் ஊர்களில் நெடுங்காலமாக வேரூன்றியுள்ள அஷ்அரி அகீதா எனும் இறைநம்பிக்கைக் கோட்பாடு, படைப்பு ஒவ்வொரு கணமும் இறைவனாலேயே நிலைநிறுத்தப்படுகிறது என்கிறது. பஞ்சு எரிவது நெருப்பின் சொந்த ஆற்றலால் அன்று, அவ்வெரிதலைப் படைப்பவன் இறைவனே என்று இமாம் கஸ்ஸாலி (1058–1111) ‘தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா’ என்னும் நூலில் வாதிட்டார். இக்கோட்பாட்டைக் கணினிக் கூடத்தில் வைத்துப் பார்ப்பவர், பல சேவையகங்களை ஓரிடத்திலிருந்து ஆளும் விசென்டர் மென்பொருளை இறையாட்சிக்கு உவமையாக்க விரையக்கூடும். அது பொருந்தாது.

நிர்வாகி 443ஆம் போர்ட் வழியாக, சான்றிதழைச் சரிபார்த்து, கடவுச்சொல் தந்து விசென்டருடன் இணைந்து, ஒரே சேவையகத்துக்குள் மென்பொருளால் அமைந்த தனித்தனிக் கணினிகளான மெய்நிகர் கணினிகளை இடம் மாற்றுகிறார். ஆயினும் விசென்டர் செயலிழந்தால் ஆணையிடுவதுதான் தடைப்படுகிறதேயன்றி, அவை ஓடிக்கொண்டேயிருக்கின்றன. உலகை முடுக்கிவிட்டு விலகிய கடவுளைக் கற்பித்த ஐரோப்பியத் தெய்வவாதத்துக்கே இது நெருக்கமானது. கஸ்ஸாலிக்கு அணுக்கமானது அடியிலுள்ள ஹைப்பர்வைசர்: பிராசசர் நேரத்தையும் நினைவகத்தையும் பகிர்ந்தளிக்கும் அவ்வடித்தளம் நின்ற கணமே, தனக்கெனச் சொந்தப் பிராசசர் இருப்பதாகக் கணக்கிட்டுக்கொண்டிருந்த மெய்நிகர் கணினியும் நின்றுவிடுகிறது. ஹைப்பர்வைசரும் வன்பொருளையும் மின்சாரத்தையும் சார்ந்திருப்பதால், எதையும் சாராத காரணனைத் தேடும் கலாம் அறிஞர், அதாவது இறையியல் வாதம் புரிபவர், அதனோடும் நின்றுவிடமாட்டார்.